நுரை வராத ஃபேஸ்வாஷ்

லீலாபாய் தம்பானூரிலிருந்து புறப்படும் பஸ்ஸில் கண்டக்டர். பத்தொன்பது வருஷமாகப் புகையும் தூசியும் முகத்தில் அப்ப, வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கிற சோப்பையே எடுத்துப் பரபரவென்று தேய்ப்பாள். தோல் கிறீச்சிட்டால்தான் திருப்தி. இந்த வெயில் காலத்தில் கன்னம் சிவந்து உரிய ஆரம்பித்தது. வியர்வை பட்டாலே எரிந்தது.

மகள் ஆர்ஷா ஒரு குப்பி வாங்கிவந்தாள். கற்றாழையும் வெள்ளரியும் சேர்த்த மென்மையான ஃபேஸ்வாஷ்.

லீலாபாய் ஒரு அமுக்கு அமுக்கித் தேய்த்தாள். நுரை வரவில்லை. ஐந்தாவது அமுக்கிலும் கஞ்சித்தண்ணி போல வழுவழுவென்றுதான் இருந்தது.

"ஏ பிள்ளே, இது பதைக்கவே இல்லியே, நுரையே காணோமே! உன்னைக் கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"அம்மே, இதுல பதை வராது. ஒரு அமுக்கு மதி, அதுவே போதும். மெல்லத் தடவணும், தேய்க்கப்பிடாது."

"தேய்க்காம அழுக்கு எப்படிப் போவும்? கெஞ்சிக் கேட்டா போவுமா?"

துண்டை எடுத்ததும் அதற்கும் ஒரு சத்தம்: "ஒத்தி எடுக்கணும் அம்மே!"

சொந்த மூஞ்சியைக் கழுவ மகளிடம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று லீலாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எரிச்சலுக்குப் பயந்து சொன்னபடி செய்தாள். ஒரு வாரத்தில் எரிச்சல் குறைந்தது. அதை மகளிடம் அவள் சொல்லவில்லை.

பத்தாம் நாள் குப்பி காலி.

"அஞ்சஞ்சு அமுக்கா அமுக்கினீங்க?" என்று ஆர்ஷா பாய்ந்தாள்.

"ஒண்ணுதான் பிள்ளே! சத்தியமா ஒண்ணுதான்."

அப்போது பின்வாசலில் சாளை மீனை அறுத்து முடித்த கணவர் ராஜையன் முழங்கை வரை ஈரமாக வந்தார்.

"லீலா, அந்தக் குப்பி தீந்துபோச்சு. மீன் நாத்தம் நல்லாப் போவுது, கேட்டியா. இன்னொண்ணு வாங்கு."

லீலாபாய் காலிக் குப்பியை அவர் ஈரக் கையில் திணித்தாள். மறுநாள் டியூட்டிக்கு முன் கிழக்கேகோட்டைக் கடைக்குப் போனாள். அங்கே இருந்த விற்பனைப் பெண் அவளை லேசில் விடவில்லை.

"சேச்சி, டோனர் வேண்டே? சீரம்? ராத்திரி போடுற கிரீம்?"

"மோளே, ஒரு குப்பி! அது மட்டும் எடு!" பஸ்ஸில் ஆளை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லும் குரல் அது. கடையே திரும்பிப் பார்த்தது. பெண் அவசரமாகக் குப்பியைப் பொதிந்து கொடுத்தாள்.

வீட்டில் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"ஒரு சோப்பைப் போயா பூட்டுவாங்க?" என்றார் ராஜையன்.

"பின்னே? உங்க மீனுக்கா வாங்கினேன்?"

மாதக் கடைசிக்குள் கன்னம் ஆறிவிட்டது. ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், தினமும் காலையில் நனைந்த முகத்தோடு வீடெல்லாம் தேடி, எதிரில் வருகிற எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.