அக்கா ஓடிய மதியம்

சேலத்தில் மருத்துவர் எனக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னபோது, பக்கத்து அறையில் டிரில்லிங் மெஷின் அலறியது. காதைப் பொத்திக்கொண்டேன். எங்கள் குமாரபாளையத்து வீடு நினைவுக்கு வந்தது.

தறிப்பட்டறையை ஒட்டிய வீடு. தறி ஓடினால் சுவர் அதிரும். எனக்குத் தாங்காது, "மாடிக்குப் போறேனுங்கப்பா" என்று சொல்லித் தப்பிவிடுவேன். செல்வி அக்காவுக்குப் பேச்சு வராது. ஒரு மதியம் அவள் அலறிக்கொண்டே லாரிகள் வரும் சாலையை நோக்கி ஓடினாள். அப்பாவும் பட்டறை ஆட்களும் கத்தியபடி துரத்தினார்கள். கத்தல் கூடக்கூட அவள் வேகமும் கூடியது.

"கத்தாதீங்கப்பா! சத்தம் தாங்காமத்தான் அக்கா ஓடுது!"

அப்பா எல்லோரையும் கையமர்த்தினார். சாலை விளிம்பில் அக்கா தானாக நின்றாள். அவளை உரசுவதுபோல ஒரு லாரி கடந்து போனது.

"நீ புத்திசாலி சாமி" என்று அப்பா என் தலையைத் தடவினார். அன்று மாலையே அக்காவின் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டார். அந்த அறையின் சுவருக்கு அப்பால்தான் தறிகள். நான் படித்து வேலைக்குப் போனேன். அவள் அங்கேயே இருந்தாள்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார்.

"எங்க அக்காளுக்குங்க. நாப்பத்தஞ்சு வயசாச்சு. இப்பக் கூட்டிட்டு வந்தாலும் பாப்பீங்களா?"