மூன்று கிலோ ஈரம்

மகளின் டேப்லெட்டில் கணக்கு. காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து பதினெட்டு கிலோ, மாலையில் பதினைந்து, மொத்தம் எவ்வளவு? கொழுந்துப் படங்களை விரலால் கூடைக்குள் இழுத்துவிட்டு, முப்பத்து மூன்று என்று அழுத்தினாள். டிங் என்று மணியடித்து நட்சத்திரம் கொட்டியது.

எனக்கு ஈரச் சாக்கு வாடை வந்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது, நாள் முடிவில் எடைக் கொட்டகையில் என் அம்மா கூடையைத் தொங்கவிட்டதுமே கங்காணி கத்துவார்: "ஈரக் கொழுந்துலா, மூணு கிலோ கழி!" வெயில் நாளிலும் கழிப்பார்.

மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் இதே கணக்கு வந்தது. நானும் ஈரத்தைக் கழித்து முப்பது என்று எழுதினேன். ரிங்லெட் ஊர்ப் பள்ளி வாத்தியார் எல்லார் முன்னாலும் தாளை ஆட்டினார்.

"கேள்வியில எங்கடி தண்ணி இருக்கு? எஸ்டேட் மண்டை!"

அடுத்த வருடம் என்னை மார்க் குறைந்த பிள்ளைகளுக்கான கடைசிப் பிரிவில் போட்டார்கள். அங்கே பாடத்தை விடப் புல் பிடுங்கியதுதான் அதிகம். அதிலிருந்து நான் மேலே வரவே இல்லை.

பரீட்சைத் தாளைக் காட்டி அம்மாவிடம் அழுத அன்று அவள், "சரியாத்தானே போட்டிருக்க, ஏன்டி அழுவுற?" என்றாள்.

"அம்மா, சரிதானே?" மகள் டேப்லெட்டை நீட்டினாள்.

"சரிதான்லா" என்றேன். அந்த மூன்று கிலோ யாருக்குப் போனது என்று இன்றுவரை எவனும் கணக்குப் போடவில்லை.