சகோதரிகளுக்கு யார் அங்கீகாரம் கொடுப்பது?

1991 நவம்பர் 14, வியாழக்கிழமை. ஆறரைக்கு எழுந்தேன். தேநீருக்குக் கேத்தலைப் போட்டேன். வானொலியில் வானிலை கேட்டேன் — மழை. மதியத்துக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, லண்டன் ஹரோவில் வழக்கமான ரயிலின் வழக்கமான பெட்டியில் ஏறினேன். ஒரேயொரு வித்தியாசம்... அன்று பிற்பகல் கல்லூரிக் கமிட்டியில் நான் கை உயர்த்த வேண்டியிருந்தது.

நான் ஒரு பெண்கள் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஊழியர் சார்பில் கமிட்டியில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. அன்றைய கேள்வி: மாணவிகள் தொடங்கியிருக்கும் 'சொரோரிட்டி'யைக் கல்லூரி அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கலாமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் ஒருவரையொருவர் சகோதரிகளாக வரித்துக்கொள்ளும் சங்கம் அது. ஒரு வருடப் படிப்புக்கு வந்த அமெரிக்க மாணவி ஒருத்தி சூட்கேஸோடு இதையும் கொண்டுவந்திருந்தாள். புதிதாக ஒருத்தியைச் சேர்க்க, உள்ளே இருப்பவர்கள் இரகசியமாக வாக்களிப்பார்கள். ஒருத்தி 'வேண்டாம்' என்றாலே போதும், கதவு சாத்தப்பட்டுவிடும்.

கமிட்டி கூடுவதற்கு முன்பே இரண்டு பேர் என்னைத் தனித்தனியாகப் பிடித்துவிட்டார்கள்.

முதலாவது, சுகந்தி. இரண்டாம் ஆண்டு மாணவி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பிள்ளை. அவளைச் சகோதரியாகத் தெரிவு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவு அமெரிக்கப் பிள்ளையின் ஃபிளாட்டில் சாப்பாடு, அங்கேதான் சேர்த்துக்கொள்வார்கள்.

"அன்ரி, கொலிஜ் ரெக்கக்னைஸ் பண்ணினால்தான் அப்பா விடுவார். கொலிஜ் அலுவல் எண்டால் ஓம், சிநேகிதிகள் எண்டால் ஏலாது. ரெண்டு வருசமா நான் லைப்ரரியைத் தவிர ஒரு இடமும் போகேல்லை."

இரண்டாவது, அவளுடைய தகப்பன் தவராசா. புதன் மாலை குடையை மடக்கியபடி என் வாசலில் நின்றார்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"ஏன்?"

"கொலிஜ் ஓமெண்டால் நானும் ஓமெண்டு பிள்ளைக்குச் சொல்லிப் போட்டன். இப்ப கொலிஜ் ஓமெண்டிடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

என் வாக்கு என்னுடையது என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

கமிட்டியில் அமெரிக்கப் பிள்ளை நன்றாகவே பேசினாள். "எல்லோரும் சிநேகிதிகளாக இருக்கலாம். ஆனால் சகோதரிகளைத் தெரிவு செய்துதான் ஆகவேண்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மூன்று சகோதரிகளில் ஒருத்தியையும் நான் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்திருந்தால்... சரி, அவர்களும் இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிக்கிறார்கள்.

கமிட்டித் தலைவி கேட்டார்: சேர விரும்பும் எந்த மாணவியையும் சேர்ப்பீர்களா? அப்படியானால் கல்லூரியின் பெயரும் ஓர் அறையும் தரலாம். அந்தப் பிள்ளை நேர்மையானவள். "மாட்டோம்" என்றாள்.

நான் எதிராகவே கை உயர்த்தினேன். பிள்ளைகள் யாரோடு சாப்பிடுவது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் வேண்டாமென்று ஒதுக்கப்படும் பிள்ளையும் அதே கல்லூரியின் மாணவிதானே? அவளை ஒதுக்குவதற்குக் கல்லூரியின் பெயர் எதற்கு? பெரும்பான்மையும் அப்படியே நினைத்தது. விண்ணப்பம் தள்ளுபடி.

சரியான வாக்குத்தான். ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது சுகந்தி. ஆகவே மாலையில் நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். நான் எப்படி வாக்களித்தேன் என்பதையும் சொன்னேன். சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

தவராசாவின் முகம் தெளிந்துவிட்டது. "கொலிஜே வேண்டாமெண்டிட்டுது. இனி நான் என்ன செய்ய?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவருடைய பழைய பள்ளிக்கூட 'பட்ச்', ஒரே வகுப்பில் படித்த ஆட்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள் — சீட்டாட்டம், ஆட்டிறைச்சிப் பிரட்டல், கொஞ்சம் விஸ்கி. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் தானும் வர விரும்புகிறாராம்.

"சேச்சே, அவன் எங்கடை செட் இல்லை. இந்தச் சனிக்கிழமை நாங்கள் மட்டும்தான்" என்று சொல்லித் தவராசா ரிசீவரை வைத்தார்.

அவருடைய மனைவி புவனா தேநீரோடு வந்தா. மெதுவாகப் பேசுகிற மனுஷி.

"இஞ்சேருங்கோ, உங்கடை பட்ச்சை ஆர் அங்கீகரிச்சது?"

"என்ன?"

"இல்லை, கேக்கிறன். பள்ளிக்கூடமோ? கவுன்சிலோ?"

"அது சும்மா... பழைய சிநேகிதம். அதுக்கு ஏன் அங்கீகாரம்?"

"அப்பிடியோ. பதினெட்டு வருசமா நான் சட்டி கழுவி அங்கீகரிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

படியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. உடனே அடங்கிவிட்டது.

"கொலிஜ் தன்ரை பேரைத்தான் குடுக்கேலாதெண்டது" என்றா புவனா. "பிள்ளை சாப்பிடப் போகக்கூடாதெண்டு சொல்லேல்லை. என்னக்கா?"

"ஓம். அப்படி ஒரு தீர்மானமும் இல்லை" என்றேன். உண்மைதான்.

தவராசா தேநீரில் இரண்டாம் முறையும் சீனி போட்டார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு பெண்கள் கல்லூரி சொரோரிட்டிகளை அங்கீகரிக்கலாமா? கூடாது என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்கள் கூடினால் அது சிநேகிதம். பெண் பிள்ளைகள் கூடினால் அதற்குத் தலைவி, தீர்மானம், முத்திரை எல்லாம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலை கேத்தல் அல்ல, தொலைபேசி. தவராசாதான்.

"அக்கா, அந்த ஃபிளாட் உங்கடை கொலிஜுக்குப் பக்கத்திலைதானே? சனிக்கிழமை இரவு அந்த ரோட்டிலை காரை நிப்பாட்டி வைக்கலாமோ?"

"உங்கடை பட்ச்?"

"ஒருக்கா நானில்லாமல் விளையாடட்டும்."

ரோட்டோரம் ஒற்றை மஞ்சள் கோடுதான், மாலை ஆறரைக்குப் பிறகு தாராளமாக நிறுத்தலாம் என்றேன். அதற்குக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டு.