கூட்டக் கூடாத மாறிலி

கீழ்க்கட்டளையிலிருந்து நாள்தோறும் பேருந்து மாறித் தாம்பரத்துக்கு வரும் மெஹர் பானு, ஒரு தனியார் பயிற்சி மையத்தில் உயிர்வேதியியல் கற்பிக்கிறார். நெரிசலைப் பொறுத்துக்கொள்ளும் அவரால், அம்மையத்தின் மாடிப்படிச் சுவரை மட்டும் பொறுக்க முடியவில்லை. ‘இணைந்த வினையா? எல்லாவற்றையும் கூட்டு!’ என்று அதில் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தது. உரிமையாளர் மோகன்ராஜின் குறுக்குவழி அது. மாணவர்கள் படியேறும்போதெல்லாம் படித்துப் படித்து மனப்பாடமாக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மனப்பாடமும் ஆகிவிட்டது, அதுதான் தொல்லை.

குளுக்கோஸ் தானாகப் பாஸ்பேட்டை எளிதில் ஏற்காது; செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு சிதையும் வினை இணைந்தால்தான் ஏற்கும். அவ்வாறு இணையும்போது கட்டிலா ஆற்றல் மாற்றங்களைக் கூட்ட வேண்டும். வினை எவ்வளவு தூரம் நடக்கும் என்று காட்டும் சமநிலை மாறிலிகளையோ பெருக்க வேண்டும். மாதிரித் தேர்வில் வகுப்பு முழுவதும் மாறிலிகளையும் கூட்டி வைத்திருந்தது. முதுகலை நுழைவுத் தேர்வில் சென்ற ஆண்டு ஒரே மதிப்பெண்ணில் இடத்தை இழந்த தமிழினியும் கூட்டியிருந்தாள். அடுத்த தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

“பெருக்கணும்னு போன வாரந்தானே சொன்னேன்?” என்றார் பானு.

“சொன்னீங்க மேம். படியேறி வர்றதுக்குள்ள கூட்டல் ஆயிடுது.”

சுவரை அழிக்குமாறு பானு கேட்டார். அதே வாசகத்தை மாணவர்களின் பைகளிலும் அச்சிட்டாயிற்று என்று மோகன்ராஜ் மறுத்தார். வற்புறுத்தியபின், ஓரத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று சிறிய எழுத்தில் சேர்க்க இசைந்தார். பானு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப இந்தப் பாடத்தை நீங்களே எடுங்க சார். கூட்டியே காட்டுங்க.”

மோகன்ராஜ் தயங்காமல் வந்தார். இரு மாறிலிகளையும் பலகையில் கூட்டினார். குளுக்கோஸ் வினையின் மாறிலி ஒன்றுக்கும் மிகக் குறைவு என்பதால், ஏ.டி.பி. வினையின் இரண்டு லட்சமே விடையாகவும் வந்தது.

தமிழினி எழுந்தாள். “சார், எனர்ஜியைக் கூட்டி அதுலேர்ந்து மாறிலி எடுத்தா எண்ணூத்திச் சொச்சந்தான் வருது. உங்க கணக்குல குளுக்கோஸ் சேர்ந்ததே தெரியலையே?”

அவர் பலகையைப் பார்த்தார்; பிறகு பானுவைப் பார்த்தார்.

“ஒரே வினைக்கு ரெண்டு விடை இருக்க முடியாது சார்,” என்றார் பானு.

மறுநாளே வண்ணம் பூசுபவர் வந்தார். ‘ஆற்றலைக் கூட்டு, மாறிலியைப் பெருக்கு’ என்று சுவர் திருந்தியது. பானு நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மோகன்ராஜ் படியில் வழிமறித்தார்.

“சூப்பர் மேடம். மத்த பாடத்துக்கும் இதே மாதிரி ஒவ்வொரு வரி எழுதிக் குடுத்துடுங்க. மேல் மாடிச் சுவர் சும்மாத்தான் இருக்கு.”

பானு அவரைக் கடந்து படியேறினார். வகுப்புக்குள் சென்று, அக்கணக்கை முதலிலிருந்து போடுமாறு தமிழினியிடம் சொன்னார். ஏன் பெருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார்.