கோதண்டராமனும் வழவழத்த கற்களும்

அடி அண்ணாமலையில் பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டராமனுக்கு உலகம் இரண்டே வகை. பிளீச்சிங் பவுடர் போட்டது, இன்னும் போடாதது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதை ஓரத்தில் கோலம் போடுகிறவரைப்போலக் குனிந்து குனிந்து தூவிக்கொண்டு போவார். விட்டால் சாம்பாரிலும் ஒரு சிட்டிகை போட்டுவிடுவார் என்பாள் அவர் மனைவி அருணாதேவி.

அப்பேர்ப்பட்ட மனிதர் 2002-இல் தன் நிலத்தில் குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டார். மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. குளத்துக் கழிவுநீர் பக்கத்து வெள்ளையம்மாளின் கனகாம்பரத் தோட்டத்து வாய்க்காலில் போய்த் தேங்கி நாறியது. அந்த அம்மாள் நேரே வந்து நின்றாள்.

"கோதண்டம், அடுத்த மாச அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே நாறிச்சுன்னா வேங்கிக்கால் போயி கலெக்டராண்ட மனு குடுத்துடுவேன். உன் கொளத்த மூட வெச்சுட்டுதான் மறுவேலை."

அந்த அமாவாசைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மீன்வளத் துறைப் பயிற்சியில் கேட்டுவந்தபடி கோதண்டராமன் இரண்டு குழி வெட்டினார். முதல் குழியில் கருங்கல் ஜல்லி. அதில் வழவழவென்று படலம் பிடிக்கும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும். அடுத்த குழியில் ஆகாயத்தாமரை. மிச்சமிருக்கும் சத்தை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளும். முப்பதாம் நாள் தண்ணீர் தெளிந்து, நாற்றம் போயே போய்விட்டது.

ஆனால் அந்த வழவழப்பு அவர் கண்ணை உறுத்தியது. வெள்ளையம்மாள் பார்க்க வரும்போது அழுக்குக் கல்லையா காட்டுவது? தேங்காய் நாரால் ஜல்லியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு கை பவுடரையும் தூவிவிட்டுத்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் ஆகாயத்தாமரை கருகிக் கிடந்தது. நாற்றம் தெருவரை வந்தது.

"வேலைக்காரங்கள எல்லாம் சாவடிச்சுட்டு, வேலை நடக்கலன்னு முழிக்கறீங்களே?" என்றாள் அருணாதேவி. "கல்லு பளபளன்னு இருக்குது. வேணும்னா கல்யாணம் பண்ணிக் குடுங்க."

படலம் புதிதாகப் பிடிக்க நாளாகும். அமாவாசைக்கோ ஒரே வாரம். பழைய மீன் தண்ணீரில் ஊறி வழவழத்த கல் ஊரிலேயே ஓரிடத்தில்தான் இருந்தது: வெள்ளையம்மாளின் வாய்க்காலில். கூடையோடு போய் நின்றார்.

"அக்கா, உங்க வாய்க்கால் கல்லு ஒரு பத்து கூடை வேணும். கழுவாம."

"அடப்பாவி, குடுத்த நாத்தத்தையே திருப்பிக் கேக்கறியா?"

நடந்ததைச் சொன்னார். வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கல்லைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. இந்த ஆளை நம்ப முடியாது என்று, தினமும் காலையில் பூக்கூடையோடு வந்து குழியோரம் உட்கார்ந்துகொண்டாள். பூக்கட்டும் வேலையும் ஆனது, காவலும் ஆனது. அந்தப் பக்கம் கோதண்டராமன் எட்டிப்பார்த்தாலே, "கையக் காட்டு" என்பாள். வெறுங்கையைக் காட்டிவிட்டுப் போவார்.

அமாவாசையன்று குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தாள்.

"லேசா வீசுது."

"அக்கா, இன்னும் ஒரு நாலு நாளு..."

"இரு, பேசவுடு. மனு கினு ஒண்ணும் குடுக்கல. ஆனா இந்தத் தண்ணி இனிமே தேங்கக் கூடாது, நேரா என் பூச்செடிக்குப் பாயணும். மடைய நான்தான் தொறப்பேன், நான்தான் மூடுவேன். நீ மீன மட்டும் பாரு."

சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல், அவருடைய மண்வெட்டியையே எடுத்துக்கொண்டு வரப்பை வெட்டப் போனாள்.