மாத்திரையைப் பார்த்தேன், தட்டைப் பார்க்கவில்லை: கேமரன் மலையில் ஒரு காய்கறி உபவாசம்

போன பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தெலுக் இந்தானில் என் மனைவி போகிற சபையார், ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை எழுப்புதல் முகாம் நடத்தினார்கள். ஆளுக்கு நூற்றைம்பது ரிங்கிட். வேன், தங்கல், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். அவளுடைய பயணப் பக்கத்தைப் படிப்பவர்களில் வயதான பெற்றோரை இந்த மாதிரி முகாமுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சாப்பாடு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் முகாமின் பாதி. எங்கள் பக்கத்துச் சபைகளில் ஜெபக் கூட்டம் முடிந்தால் கோழிப் பிரியாணி, பாலும் சீனியும் கெட்டியாகப் போட்ட தேநீர், கேக்கு. அப்படியே சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆளுக்கொரு மாத்திரைப் பை ஆகிவிட்டது. பாஸ்டருக்கே சர்க்கரை வியாதி. இந்த முறை மூன்று நாளும் காய்கறியும் தண்ணீரும் மட்டும், உடம்பையும் ஆவியையும் சேர்த்துச் சுத்தம் பண்ணுவோம் என்று அறிவித்துவிட்டார்.

என் மனைவி சரோஜா ஞானஸ்நானம் எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. நான் எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அவளைக் கொண்டுபோய் விட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவேன். அவள் இந்த முகாமுக்குப் போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவளுக்கும் சர்க்கரை வியாதி, அதே வியாதியால் அவள் அக்காவுக்கு ஒரு கால் போய்விட்டது. இரண்டு, ஆவியானவர் தொட்டு அழுது நடுங்குகிற பெண்களைப் பதினோரு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அவளுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் கவலை வேறு. ஜெபத்தை நம்பி இவள் மாத்திரையை நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். பாஸ்டர் மூன்று ஞாயிறு மேடையிலிருந்தே சொன்னார், உபவாசம் என்று யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. ஏறுவதற்கு முன் ஒரு நீலப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சீனி, பிஸ்கட், காப்பிப் பொட்டலம், எதுவானாலும் அதில் போட்டுவிட்டு ஏற வேண்டும். பெட்டி சபையிலேயே இருக்கும். ஒரு சகோதரர் முழு முறுக்கு டின்னையே போட்டார், முகத்தில் அவ்வளவு துக்கம். மலைப் பாதையில் குமட்டினால் வாயில் போட நான் சட்டைப் பையில் ஒரு கைப்பிடி இஞ்சி மிட்டாய் வைத்திருந்தேன். சரோஜா பைக்குள் கை விட்டு அத்தனையையும் எடுத்துப் பெட்டியில் போட்டாள். காலியான பையில் நான் அவளுடைய மாத்திரைகளை வைத்துக்கொண்டேன். என் கையால் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி.

தெலுக் இந்தானிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து பழைய மலைப் பாதை. ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர், தானா ராத்தா இன்னும் பதிமூன்று. மேலே கம்போங் ராஜாத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு இதே பாதையில் பத்தொன்பது வருடம் நான் லோரி ஓட்டியிருக்கிறேன். பலகை படிக்கத் தெரியாதவனுக்கு வளைவுதான் அடையாளம். வேன் ஓட்டிய சேகருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வழியில் இருக்கிற அருவியில் பத்து நிமிடம் நின்றபோது அவன் சொன்னான்: "அங்கிள், ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க லா. ரெண்டும் இல்லாம நடுவுல இருந்தா எனக்குக் கை நடுங்குது."

பதினொன்றேகாலுக்குப் பங்களா வந்தது. ரிங்லெட்டையும் அணைக்கட்டு ஏரியையும் தாண்டி, வலப்பக்கம் பிரியும் தோட்டத்துப் பாதையில் இரண்டு கிலோமீட்டர். பாதை குறுகல், எதிரே தோட்டத்து லோரி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். முன்பக்கம் முழுக்கத் தேயிலை. பிற்பகல் பனி இறங்கினால் பத்தடியில் நிற்கிற ஆள் தெரியாது. மகள் அழைத்துப் பார்த்திருக்கிறாள், தொலைபேசிக் கோடும் சரியாகக் கிடைக்கவில்லை.

மதியம் வேகவைத்த கோசு, கேரட், சாயோட் என்கிற சௌசௌக் காய், உப்புக் குறைந்த ரசம் மாதிரி ஒரு சூப்பு. சமையல் லில்லி அக்காவுடையது. என்னை விட வயதில் இளையவர்தான், சபை முழுவதும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் கூப்பிடுகிறேன். "சாப்பிடுங்கண்ணே, நீங்க லோரியில ஏத்துன கோசெல்லாம் இன்னிக்கு உங்களத் தேடி வந்துருச்சு" என்றார். சாப்பாடு நன்றாகவே இருந்தது. சரோஜா அளவாகச் சாப்பிட்டாள். இரவு மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் கோபம்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

சனிக்கிழமை காலை நல்ல குளிர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுகிற வெள்ளை மாத்திரையைக் கொடுத்தேன். முழுங்கினாள். மனம் நிம்மதியாகி நான் வெளியே போய்ச் சேகரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் காலையில் பசியாறவில்லை என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்காவது ஆண்டவர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

பத்து மணிக்குக் கூடத்தில் ஜெபம். நான் வழக்கம்போல் கடைசியில், கதவோரம். முன்னால் பெண்கள் கை தூக்கி அழுதுகொண்டிருந்தார்கள், சரோஜாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தரை இருக்கும், சரோஜாவின் கை நடுங்குவதைப் பார்த்தேன். பிறகு தோள். பிறகு அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் எத்தனை வருடமாகக் காத்திருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாஸ்டரம்மா அவள் தலையில் கை வைத்து அழுதேவிட்டார்.

நான் மட்டும் அவள் முதுகைக் கவனித்தேன். அந்தக் குளிரில் ரவிக்கை நனைந்திருந்தது. மெதுவாக முன்னே போய்க் கையைத் தொட்டேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. பாஸ்டரம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அங்கிள், கொஞ்ச நேரம் விடுங்க. ஆண்டவர் தொடுறாரு."

நான் கையை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டடி பின்வாங்கியும் விட்டேன். ஒருவேளை அது அதுவேதான் என்றால்? பதினோரு வருடம் கேட்டது வந்த நேரத்தில், முழுக்கு எடுக்காத புருஷன் நடுவில் புகுந்து கெடுத்தான் என்று ஆகிவிடுமே. அவள் என்னை மன்னிக்கவே மாட்டாள். ஒருவேளை அது இல்லையென்றால்?

என்னோடு லோரியில் மூட்டை ஏற்ற வந்த மணியம் நினைவுக்கு வந்தான். அவன் இன்சுலின் ஊசி போடுகிறவன். ஒருநாள் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கம்போங் ராஜாவுக்கு வந்துவிட்டான். கோசு ஏற்றும்போது குளிரில் குப்பென்று வியர்த்தது, செத்துப்போன அவன் அப்பாவோடு பேச ஆரம்பித்தான். சீனக் கடைக்காரர் ஓடி வந்து சீனி போட்ட கெட்டிப் பாலை டின்னோடு வாயில் ஊற்றினார். அன்று மணியத்தின் கையைப் பிடித்திருந்தவன் நான். அதுவும் இதே மாதிரிச் சில்லிட்ட ஈரக் கை.

அப்போது சரோஜா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "லோரி எப்பங்க கெளம்புது?" என்றாள்.

நான் லோரியை விட்டே பல வருடம் ஆகிறது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதில் மாத்திரைதான் இருந்தது.

சமையல் கட்டுக்கு ஓடினேன். லில்லி அக்காவிடம் சீனி கேட்டேன். அந்த வீட்டில் ஒரு சிட்டிகை கிடையாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு அடுப்பில் இருந்தது, வேகவில்லை. அலமாரியில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டது, கறுப்புத் திராட்சை சர்பத்து. ஞாயிறு திருவிருந்துக்கு, தண்ணீர் கலந்து சின்னச் சின்னக் கோப்பையில் கொடுப்பார்களே, அது. பதினோரு வருடமாக அந்தத் தட்டு என் பெஞ்சைத் தாண்டித்தான் போகும். நான் தொட்டதில்லை.

"அண்ணே, அது ஆண்டவர் மேசைக்கு உள்ளது. பாஸ்டரக் கேட்டுட்டு எடுங்க" என்றார் லில்லி அக்கா. சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்ததும் அவர்தான்.

கூடத்துக்குள் நான் பாட்டிலும் குவளையுமாக நுழைந்ததும் பாட்டு நின்றது. பாஸ்டர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சர்க்கரைக்காரர் அல்லவா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்களை விலக்கிவிட்டு அவரே அவள் தலையைத் தாங்கிப் பிடித்தார். மெதுவாகக் குடித்தாள், பாதி என் சட்டையில். யாரோ பாஸ்டருடைய பையிலிருந்து விரலில் குத்திப் பார்க்கும் மிஷினை எடுத்து வந்தார்கள். இரண்டு புள்ளி எட்டு. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

சேகர் வேனில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று முன்னதாகவே பனி இறங்கிவிட்டதால் அரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவள் கண் மூடாமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டே போனேன். தாதி பொறுமையாக எடுத்துச் சொன்னார்: சோறு இறங்குகிற வயிற்றுக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்த மாத்திரை அது, சோறு இல்லாதபோது அதையே முழுசாகக் கொடுத்தால் இருக்கிற சர்க்கரையையும் இழுத்துவிடும். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்த மாத்திரையை அவள் விட்டுவிடக் கூடாது என்று காவல் இருந்தேனோ, அதை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

சரோஜா என்னோடு பேசவில்லை. பங்களாவுக்குத் திரும்பியதும் பாஸ்டரிடம்தான் அழுதாள், தகுதி இல்லாமல் அதைக் குடித்துவிட்டேனே என்று.

"அது இன்னும் ஜெபம் பண்ணாத தண்ணி சிஸ்டர்" என்றார் பாஸ்டர். கூடவே, "ஜெபம் பண்ணியிருந்தாலும் குடுத்துருப்பேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, பெட்டி வைத்தது தன் யோசனைதான், மன்னிக்க வேண்டும் என்றார்.

ஞாயிறு காலை, மிச்சம் இருந்த சர்பத்தில் தண்ணீரை நிறைய ஊற்றினார்கள். கோப்பையில் நிறமே இல்லை. எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். சரோஜாவும் வாங்கினாள். தட்டு என் பெஞ்சைத் தாண்டிப் போனது. லில்லி அக்கா திரும்பிப் பார்த்து, முழுக்கு எடுக்காமலே பாட்டிலைத் தூக்கிவிட்டீர்கள், அடுத்த வாரம் ஞானஸ்நானத் தொட்டியில் இறக்காமல் விடமாட்டார்கள் என்று கிசுகிசுத்தார்.

மலை இறங்கும்போது வேனில் எல்லோரும் தூங்கினார்கள். அருவியைத் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த நடுக்கம் முழுக்கச் சர்க்கரைதானா?"

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை, வாயில் வந்த உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. நடுங்குவதற்கு முன்னால் நீ அழுதாயே, அதை நான் பார்த்தேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த வளைவு எதையும் நான் சேகருக்குச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். காய்கறி உபவாசம் நல்லது. திரும்பி வந்து நாங்கள் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டோம், சபையிலும் பிரியாணி மாதத்துக்கு ஒருமுறைதான். ஆனால் போவதற்கு முன்னால் கிளினிக்கில் போய், இத்தனை நாள் சோறு கிடையாது, எந்த மாத்திரையை எவ்வளவு போடுவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். விரல் குத்தும் மிஷினைக் கையோடு வைத்திருங்கள். மாத்திரை போட்டவர் சாப்பிட்டாரா என்று தட்டைப் பாருங்கள். குளிரில் வியர்த்தால், உளறினால், யார் என்ன சொன்னாலும் முதலில் இனிப்பு, மற்றது பிறகு. மேலே போகக் காலைதான் நல்லது, மதியத்துக்கு மேல் பனி. தடித்த சட்டை இரண்டு வேண்டும்.

இப்போதும் ஞாயிறு காலையில் எனக்குப் படபடப்புதான். அவள் கை தூக்கும்போதெல்லாம் பெஞ்சு நுனிக்கு வந்துவிடுகிறேன். போன வாரம் கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு கைப்பிடி இஞ்சி மிட்டாயைப் போட்டுவிட்டு, நேரமாகுது, வாங்க என்று முன்னால் நடந்தாள்.