தீய்ந்துபோன தகடு

திருப்பரங்குன்றத்திலிருந்து திருநகர் போகிற ரோட்டில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. காரில் ஹாரன் ஊமையானாலும் சரி, கண்ணாடி இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் சரி, "சோணைகிட்டக் கொண்டுபோ" என்று யாரும் கையைக் காட்டுவார்கள். கார் வயரிங் வேலையில் அவனுக்கு இருபத்தெட்டு வருஷம். வளவளவென்று பேச மாட்டான். சிரிப்பதற்கும் நல்ல நாள் பார்ப்பான். வேலை முடிந்ததும், கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் வைத்து வண்டிக்காரர் கையில் கொடுப்பான். "எனக்கெதுக்குப்பா இந்தக் குப்பை?" என்றாலும் விட மாட்டான். "ஒங்க சாமான். பாத்துட்டு நீங்களே தூக்கி எறிங்க" என்பான்.

இந்தப் பழக்கம் கன்னத்தில் விழுந்த ஓர் அறையில் வந்தது. பத்தொன்பது வயதில் தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறையில் சோணை வேலை பார்த்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டைனமோ ஒன்றைத் தீய்ந்துவிட்டதாகச் சொல்லி, முதலாளி வேறு மாட்டிவிட்டார். வண்டிக்காரர் விவரமானவர், மறுநாளே மோப்பம் பிடித்து வந்துவிட்டார். முதலாளி பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பளாரென்று வாங்கியவன் சோணை. காது இரண்டு நாள் இரைந்தது. தனியாகக் கடை போட்ட அன்றே இந்த வழக்கத்தை ஆரம்பித்துவிட்டான்.

மற்றபடி ஆள் ஒரு மரக்கட்டை. அவனைப் பெற்றவள் செத்த சேதி போனில் வந்தபோது, ஒரு வேனின் ஹெட்லைட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்து முடித்து, லைட்டைப் போட்டுப் பார்த்து, மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டுத்தான் கிளம்பினான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர் பேசாதா? பேசியது. அவன் மனைவி தங்கப்பொண்ணு நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"கரண்டு அடிச்சு அடிச்சே ஒனக்கு எல்லாம் மரத்துப்போச்சுய்யா."

"கார்ல பன்னெண்டு வோல்ட்டுதான். அது அடிக்காது," என்றான் சோணை.

வாஸ்தவம்தான். அவள் கேட்டது அதுவா? இவனோடு குடித்தனம் நடத்துகிறாளே, அந்த மகராசிக்குக் கோயில் கட்டலாம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் சத்தியசீலன் சார் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவரிடம் வரும்போதே பழசு; இப்போது பதினாறு வயசு. அவர் மனைவி பாக்கியம் மாசியில் தவறிப்போனாள். சோணை கேதத்துக்குப் போய், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பியவன்தான். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. சார் சவரம் பண்ணியிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. உள்ளே ஆள்தான் இல்லை.

"சோணை, எம் பக்கத்துக் கண்ணாடி மட்டுந்தான் இறங்குது. மத்த மூணும் இறங்க மாட்டேங்குது."

"சுவிட்சாத்தான் இருக்கும் சார். மாத்திருவோம்."

"மாத்துறது அப்பறம். என்ன கெட்டுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. எனக்கு அது தெரியணும்."

சோணை நிமிர்ந்து பார்த்தான். சார் பள்ளிக்கூடச் சுற்றறிக்கையைப் படிப்பதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அவளப் பின்சீட்டுல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குப் போறேன். பழங்காநத்தத்துல வண்டி நகரல. ‘கண்ணாடிய இறக்குங்க, காத்து வரட்டும்’னா. அமுக்குறேன் அமுக்குறேன், இறங்கல. எம் பக்கம் இறங்குச்சு. அந்தக் காத்து அவளுக்கு எட்டல. ‘இறக்குங்களேன்’னு இன்னொருக்கச் சொன்னா. அம்புட்டுத்தான். அப்பறம் ஒன்னும் சொல்லல."

சோணை ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"டாக்டர் ஹார்ட்டுன்னாரு. காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேன்னாரு. இருக்கட்டும். ஆனா சுவிட்சு நெசமாவே கெட்டுப்போச்சா, இல்ல பதட்டத்துல நாந்தான் எதையாச்சும் செய்யாம விட்டுட்டேனா? சாப்பிட உக்காந்தா அதுதான், படுத்தா அதுதான். எனக்கு அழுகைகூட வரல சோணை. ஐரின்கிட்டகூட இதச் சொல்லல. வேற எவன்கிட்டயும் கேக்கப் போறதும் இல்ல. நீ சொன்னாச் சரி."

ஐரின் அவருடைய ஒரே மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். சோணைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "உக்காருங்க சார்" என்றான். சார் உட்காரவில்லை. "டீ வாங்கிட்டு வாரேன்" என்று எதிர்ப்பக்கம் நடந்தார்.

சோணை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கதவில் இருக்கும் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். சார் சொன்னது சரி. ஒரு கண்ணாடிதான் அசைந்தது. பட்டன்கள் பதித்த மேல்பலகையைக் கழற்றலாம் என்று குனிந்தவன் பாதியில் கையை நிறுத்தினான். வரிசையின் ஓரத்தில் இருந்த சின்ன லாக் பட்டன், இருக்க வேண்டிய மட்டத்துக்கு ஒரு நெல் அளவு கீழே இருந்தது. சின்னப் பிள்ளைகள் கண்ணாடியோடு விளையாடாமல் இருக்க வைத்த பட்டன் அது. இந்தப் பழைய மாடலில் அதை அமுக்கிவிட்டால் டிரைவர் கண்ணாடியைத் தவிர வேறெதுவும் இறங்காது. டிரைவரே அமுக்கினாலும் இறங்காது.

விரலை வைத்தான். டிக் என்றது. மற்ற பட்டன்களை மறுபடி அமுக்கினான். மூன்று கண்ணாடியும் வழவழவென்று இறங்கின.

அடப்பாவமே! எந்தச் சுவிட்சும் கெடவில்லை. பழங்காநத்தத்து நெரிசலில், சாரின் கைக்கு நாலு விரல் தள்ளி இருந்திருக்கிறது அந்தப் பட்டன். ஒரே ஒரு அமுக்கு.

டீக்கடையில் சார் இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சோணை கண்ணாடிகளை மளமளவென்று ஏற்றினான். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவன் தொழில். இருபத்தெட்டு வருஷமாக அதைச் சொல்லித்தான் கஞ்சி குடித்தான். ஆனால் இதைச் சொன்னால் அந்த மனுஷன் இதோடு எத்தனை வருஷம் கிடப்பார்? அதற்குமேல் யோசிக்க அவனுக்கு வரவில்லை. அவன் கைதான் யோசித்தது.

பலகையைக் கழற்றினான். நல்ல சுவிட்சைப் பிளந்தான். லாக் பட்டனின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விரல்கடை வயர்த்துண்டை வைத்து ஈயம் போட்டுப் பற்றவைத்தான். இனி யார் எத்தனை தடவை அமுக்கினாலும் அந்தப் பட்டன் எதையும் நிறுத்தாது. சாரின் விரல் என்றைக்காவது தப்பித் தவறிப் பட்டாலும் உண்மை வெளியே வராது. ஓடுகிற சாமானை அவன் கெடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு பழைய சாமான் டப்பாவைக் கிளறி, ஏதோ ஒரு வண்டியில் கழற்றிய செப்புத் தகடு ஒன்றை எடுத்தான். நகத்தளவுதான் இருக்கும். கரிந்து கறுத்திருந்தது.

சார் இரண்டு டீயோடு வந்தார். சோணை மூன்று கண்ணாடியையும் இறக்கிக் காட்டினான். தகட்டைப் பேப்பரில் வைத்து நீட்டினான்.

"உள்ள இருந்த தகடு தீஞ்சுபோச்சு சார். நீங்க எத அமுக்கியிருந்தாலும் இறங்கியிருக்காது."

"எதை அமுக்கியிருந்தாலுமா?"

"எத அமுக்கியிருந்தாலும்."

சார் தகட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. "நீ பொய் சொல்ல மாட்ட" என்றார். சொன்னவர் கார் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். போகிற வருகிற பைக்குகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. டீ ஆறிப்போனது. சோணைக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. போய்க் கை கழுவினான்.

மூன்று வாரம் கழித்து அதே கார் மறுபடி வந்தது. ஓட்டிவந்தவள் ஐரின். பக்கத்தில் சத்தியசீலன் சார். பின்சீட்டில் ஐரினின் நாலு வயசு மகன் ஜினோ, கழுத்துவரை தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இந்த லாக் பட்டனக் கொஞ்சம் பாருங்க. அமுக்குறேன், கேக்கவே மாட்டேங்குது. இவன் கண்ணாடிய இறக்கி இறக்கி வெளிய தொங்குறான்," என்றாள் ஐரின்.

சோணை நின்ற இடத்திலிருந்தே அந்தப் பட்டனைப் பார்த்தான்.

"கிறிஸ்மஸ் லீவுல வந்தப்ப நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கீழக்குயில்குடி மலையப் பாக்கப் போறப்ப இவன் இதே சேட்டை. நாந்தான் லாக்க அமுக்கிவிட்டேன். அப்பறம் ஒரு கண்ணாடியும் இறங்கலையே! அத எடுத்துவிடக்கூட மறந்துட்டு ஊருக்குப் போயிட்டேன். இப்ப என்னாச்சுன்னே தெரியல."

திருநகர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சத்தியசீலன் சார் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். கிளார்க் வேலை பார்த்தவர். ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தெரியாதா? லாக் பட்டனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சோணையைப் பார்த்தார். சோணை தலை குனியவில்லை. தெற்குவாசலில் வாங்கியது அடுத்தவனுக்கு விழ வேண்டிய அறை. இது எனக்கே உரியது, அடிக்கட்டும் என்று நின்றான்.

சார் சட்டைப்பையில் கையை விட்டு மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்தார். அதற்குள் அந்தத் தகடு இருந்தது. அதை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது தீஞ்சுபோச்சும்மா. நீ ஊருக்குப் போன மறுநாளே போயிருச்சு. அதான் லாக்கு கேக்கல. நீ அமுக்குனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்படியாப்பா? யாரு சொன்னா?"

"சோணைதான் கழட்டிப் பாத்துச் சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான். பழைய சாமானக் கையில குடுத்துருவான், ஒனக்குத் தெரியாதா?"

ஐரின் சோணையின் பக்கம் திரும்பினாள். "நெசமாவாண்ணே?"

"ஆமாம்மா," என்றான் சோணை. "தீஞ்சுதான் போயிருந்துச்சு."

"அப்ப லாக்கச் சரி பண்ண முடியாதா?"

"இந்த மாடலுக்கு அது இப்ப வாரதில்லம்மா."

"வேணாம் விடு," என்றார் சார். "நான் பின்னாடி உக்காந்து புள்ளையப் பிடிச்சுக்கிறேன்."

தகட்டைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பின்கதவைத் திறந்து, பாக்கியம் படுத்திருந்த அந்த சீட்டில் போய் உட்கார்ந்தார். பேரனை மடியில் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். பையன் பட்டனை அமுக்கினான். கண்ணாடி முழுசாக இறங்கியது. சூடான காற்று உள்ளே அடித்து அவருடைய நரைத்த முடியைக் கலைத்தது.

"வாரேன் சோணை," என்றார்.

கார் போன பிறகு சோணை, பாதியில் விட்ட வேறொரு வண்டியின் வேலைக்குக் குனிந்தான். ஸ்குரூடிரைவரைத் திருகாணியில் வைத்தால் வழுக்கியது. இன்னொரு தடவை வைத்தான், மறுபடி வழுக்கியது. திருகாணியே கண்ணுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.